ஆமாம் என்று ஆடும் தலை

எங்கள் லைன் வீட்டில் இருந்த எல்லோருக்கும் ஒரு பொதுப் பழக்கம் உண்டு. மலையாளத்தில் யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டிவிடுவோம். மின்சார ஆபீஸ்காரர் வந்து "மீட்டர் கேடாணோ?", பழுதா என்று கேட்டால் ஆமாம். "அப்போ ஓடுன்னுண்டோ?", ஓடுகிறதா என்று கேட்டால் அதற்கும் ஆமாம். அவர் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தானே ஸ்டூலைப் போட்டு ஏறிப் பார்த்துக்கொள்வார். என் அப்பா ஒருமுறை பல்வலி என்று டாக்டரிடம் போனார். வலிக்கிற பல்லைத் தொட்டுக் கேட்டதற்கும் தலையாட்டினார், பக்கத்துப் பல்லைத் தொட்டுக் கேட்டதற்கும் தலையாட்டினார், இரண்டையும் பிடுங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். வீங்கிய வாயோடு, "அவரு படிச்சவரு. நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பாரு" என்றார். அம்மா அதற்கும் தலையாட்டினாள்.

லைன் என்பது வேறொன்றுமில்லை. மலையாள ஊரில், கரமனை ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஒரே ஓட்டுக்கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஒரு குடும்பம். எல்லோரும் தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆண்கள் கட்டட வேலைக்கோ ஹோட்டல் வேலைக்கோ போவார்கள். பெண்கள் வீட்டு வேலைக்குப் போவார்கள். என் அப்பா கொத்தனார். அம்மா வலியசாலை அக்ரகாரத்தில் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்து, மாவு அரைத்துக் கொடுத்துவந்தாள். நான் அந்த லைனிலேயே பிறந்தவள்.

தலையாட்டுவது மொழி தெரியாததால் என்று நினைத்துவிடக் கூடாது. வந்து பத்துப் பதினைந்து வருடம் ஆனவர்களுக்கு மலையாளம் புரியாமல் போகுமா? மீன்காரியிடம் சண்டை போடும் அளவுக்கு எல்லோருக்கும் மலையாளம் வரும். ஆனால் ஆபீஸ், ஆஸ்பத்திரி, ஸ்டேஷன், பள்ளிக்கூடம் என்று மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் போதும், நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். இல்லை என்று சொன்னால் ஏன் இல்லை என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். பதில் சொன்னால் அதிலிருந்து இன்னொரு கேள்வி வரும். ஆமாம் என்றுவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். வந்த இடத்தில் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் இருந்துவிட்டுப் போகவேண்டும் என்ற எண்ணம் எங்கள் கழுத்து எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது.

எனக்கும்தான். நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். என் மலையாளத்தில் எந்தக் குறையும் கிடையாது, பரீட்சைத்தாளில் எழுத்துப் பிழைகூட வராது. ஆனாலும் டீச்சர் "மனசிலாயோ?" என்று கேட்டால் புரியாத கணக்குக்கும் தலையாட்டுவேன். என்னைப் பாண்டி என்று கூப்பிடுவார்கள். தமிழ்நாட்டுக்காரர்களை இங்கே அப்படித்தான் சீண்டுவார்கள். அதற்கும்கூடத் திரும்பிப் பார்த்திருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வகுப்பில் நான் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. இதைச் சொல்லும்போது எனக்கு இப்போது கோபமாக வருகிறது. அப்போது வரவில்லை. அப்போது எனக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது.

பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த கோடை விடுமுறை அது. ரிசல்ட் எப்படி வந்தாலும் என் பாதை முடிவாகியிருந்தது. சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் அம்மா எனக்காகப் பேசி வைத்திருந்தாள். ஜூன் மாதம் பிறந்ததும் சேர வேண்டும். சேலை விரித்துக் காட்ட வேண்டும், பிறகு மடித்து வைக்க வேண்டும். முதலாளி திருநெல்வேலிக்காரர், தமிழிலேயே பேசிக்கொள்ளலாம். அதுதான் அந்த வேலையின் பெரிய பெருமையாக அம்மாவுக்குப் பட்டது. "சம்மதமாட்டி?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன்.

முந்தைய வருடம்தான் எங்கள் பக்கத்து அறைக்கு ஒரு அக்கா புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்தாள். சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு சின்ன ஊர். அவள் வீட்டுக்காரர் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் செண்டரிங் வேலை செய்பவர். அக்காவுக்கு அப்போது நிறைமாதம். பிரசவத்துக்குத் தாய்வீடு போகவேண்டியவள்தான். ஆனால் தாய் இல்லை. இருந்த அண்ணிக்கு மனம் இல்லை. அதனால் இங்கேயே அரசு ஆஸ்பத்திரியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லாமல் விடுகிறேன். நகரத்தில் பிறந்த பாதிப் பேர் அங்கேதான் பிறந்திருப்பார்கள்.

வழக்கமாக என் அம்மாதான் கூடப் போவாள். அன்றைக்கு அக்ரகாரத்து வீட்டில் ஏதோ விசேஷம், லீவு கிடைக்கவில்லை. அக்கா வீட்டுக்காரருக்குக் கழக்கூட்டத்தில் கான்கிரீட் போடுகிற நாள். கான்கிரீட் அன்றைக்கு செண்டரிங் ஆள் இறங்கிவர முடியாது. ஆகவே என்னை அனுப்பினார்கள். அம்மா வாசலில் நின்று தலைமுடியை முடிந்துகொண்டே எனக்குச் சொன்ன புத்திமதி இன்றும் நினைவிருக்கிறது.

"எதாச்சும் கேட்டா ஆமான்னு சொல்லு. எதுத்துப் பேசிராத. அவங்க கோவப்பட்டா நமக்குத்தான் கஷ்டம்."

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அக்கா, அவளை ஒட்டி நான். அவள் மடியில் ஒரு துணிப்பை, அதில் தண்ணீர் பாட்டிலும் இரண்டு பன்னும். வழுதக்காடு தாண்டும்போது அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள்.

"நேத்து சாயங்காலத்துல இருந்து அசையவே இல்லட்டி. நல்லா தூங்குது. இந்த வெயிலுக்கு அதுக்கும் அசதியா இருக்கும்லா."

நானும் சரிதான் என்று நினைத்தேன். எனக்கு என்ன தெரியும்? வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்கும் வெயில் அடிக்குமோ என்னவோ என்று யோசித்தேன்.

ஆஸ்பத்திரியில் கூட்டம் வாசல் வரை இருந்தது. முதலில் ஒரு மேஜை. அதில் ஒரு நர்ஸ் உட்கார்ந்து வருகிறவர்களிடம் நான்கு கேள்வி கேட்பார். ஏதாவது பிரச்சினை இருப்பவர்களை உடனே திரைச்சீலைக்குப் பின்னால் டாக்டரிடம் அனுப்புவார். பிரச்சினை இல்லாதவர்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து தங்கள் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். பெஞ்சு வரிசை மதியம் வரை நகரும். நர்ஸ் நடுவயதுக்காரர், வியர்வையில் நனைந்திருந்தார், கேள்விகளை மூச்சுவிடாமல் கேட்டார்.

"குளிக கழிக்குன்னுண்டோ?" மாத்திரை சாப்பிடுகிறாயா என்று அர்த்தம். அக்கா தலையாட்டினாள்.

"குஞ்ஞினு அனக்கமுண்டோ?" குழந்தை அசைகிறதா என்று அர்த்தம். அக்கா தலையாட்டினாள்.

"வேறெ குழப்பம் ஒன்னுமில்லல்லோ?" வேறு பிரச்சினை ஒன்றும் இல்லையே என்று அர்த்தம். அதற்கும் தலையாட்டினாள். நர்ஸ் பெஞ்சைக் காட்டினார். நாங்கள் போய் உட்கார்ந்தோம்.

உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. "ஏங்கா, அசையுதுன்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"அப்படியா கேட்டாங்க? என்னமோ கேட்டாங்க. ஆமான்னு சொன்னேன்" என்று பன்னைப் பிய்த்து எனக்கு ஒரு துண்டு நீட்டினாள்.

அந்தப் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு நான் சுற்றிலும் பார்த்தேன். பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணின் வயிறு அவள் சுரிதாருக்கு மேலேயே ஒரு பக்கமாகப் புடைத்து அடங்கியது. உள்ளே காலோ கையோ நெட்டி முறிக்கிறது. அவள் "அடங்கி கிடக்கெடா" என்று செல்லமாகத் தட்டினாள். இப்படித்தான் இருக்க வேண்டும் போலிருக்கிறதே என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அக்காவின் வயிற்றைப் பார்த்தேன். சும்மா இருந்தது.

எழுந்து நர்ஸ் மேஜைக்குப் போனேன். எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். இடுக்கில் தலையை நுழைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "மோளே, அவிடெ போயி இரிக்கு. விளிக்காம்" என்றார். போய் உட்கார், கூப்பிடுகிறேன் என்று.

நான் தலையாட்டினேன். தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

நான்கைந்து அடி நடந்த பிறகு எனக்கு என் மேலேயே ஒரு பயம் வந்தது. சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. யாரும் என் வாயைப் பொத்தவில்லை. என் தலை தானாக ஆடியது, என் கால் தானாகத் திரும்பியது. இந்தத் தலை என்னுடையதுதானா? அப்பா ஏன் இரண்டு பல்லைக் கொடுத்துவிட்டு வந்தார் என்று அந்த இடத்தில் எனக்கு விளங்கியது. பெஞ்சில் அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு சிரித்தாள்.

நான் பெஞ்சுக்குப் போகவில்லை. திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். யாரோ பின்னால் "ஏய், ஏய்" என்றார்கள். உள்ளே ஒரு டாக்டரம்மா ஒரு பெண்ணைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. நான் சொன்னேன். சொன்னேன் என்பது பொய், கத்தினேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் நான் கத்தியதில்லை. அதனால் எவ்வளவு சத்தம் வைக்கவேண்டும் என்று தெரியவில்லை.

"குஞ்ஞு அனங்குன்னில்லா! இன்னலெ வைகிட்டு முதல் அனங்குன்னில்லா!"

குழந்தை அசையவில்லை, நேற்று மாலையிலிருந்து அசையவில்லை. அவ்வளவுதான் வாக்கியம். டாக்டரம்மாவின் கை நின்றது. திரைக்கு அந்தப் பக்கம் இருந்த சலசலப்பும் நின்றது.

"ஆருடெ?" யாருடைய குழந்தை என்று கேட்டார்.

"எங்க அக்காவோடது. அவங்க ஆமான்னு தலையாட்டினது புரியாம ஆட்டினது. நாங்க எல்லாத்துக்கும் அப்படித்தான் ஆட்டுவோம்" என்று மலையாளத்தில் சொன்னேன். பாதியில் எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆனால் நிறுத்தவில்லை.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. அக்காவைக் கூட்டிவரச் சொன்னார். படுக்க வைத்து வயிற்றில் ஏதோ பசையைத் தடவி ஒரு சின்னக் கருவியை அங்கே இங்கே வைத்துப் பார்த்தார். முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. எனக்கு அந்த நேரம் எவ்வளவு நீளமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு கேட்டது. எங்கோ தூரத்தில் ஆற்றங்கரையில் யாரோ அசந்துபோய்க் கல்லில் துணி அடிப்பது போல, விட்டு விட்டு, மெதுவாக. குழந்தை உள்ளே இருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சந்தோஷம் போய்விட்டது. அந்தச் சத்தம் அதைவிட வேகமாக இருந்திருக்க வேண்டும்.

அவர் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அதற்குப் பிறகு நடந்ததை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன், இன்னும் பிரமிப்பு அடங்கவில்லை. எல்லோரும் ஓடினார்கள். அந்த நர்ஸ் மேஜையை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். ஒருவர் ட்ராலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். இன்னொருவர் போனில் பேசிக்கொண்டே ஓடினார். கதவுகளை யாரோ முன்னாலேயே திறந்து பிடித்தார்கள். பெஞ்சில் இருந்த கர்ப்பிணிகள் கால்களை இழுத்துக்கொண்டு வழிவிட்டார்கள். அத்தனை பெரிய கட்டடம், அத்தனை படித்தவர்கள், எல்லோரும் கோபித்துக்கொள்வார்கள் என்று நாங்கள் பயந்த அத்தனை பேரும், ஒரு பாண்டிப் பெண் சொன்ன ஒரு வாக்கியத்துக்காக ஓடினார்கள். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. நான் அந்த நடுவில் நின்று, என் வாயிலிருந்து வந்ததா இது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ட்ராலியில் படுத்திருந்த அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தவள் விடவில்லை. அவளுக்கு என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. ஆபரேஷன் தியேட்டர் கதவு வந்ததும் அவள் கையைப் பிரிக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. டாக்டரம்மா, "அவளும் வரட்டெ. ஆரெங்கிலும் இதினோடு பறயண்டே" என்றார். இவளிடம் யாராவது சொல்ல வேண்டுமே என்று. எனக்கு ஒரு பச்சைத் துணியைச் சுற்றி, செருப்பைக் கழற்றச் சொல்லி, உள்ளே ஒரு சின்ன அறை வரைக்கும் விட்டார்கள். அது விதிப்படி சரியா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அன்றைக்கு யாருக்கும் விதியைப் பார்க்க நேரம் இல்லை.

முதுகில் ஊசி போட வேண்டும். முதுகை வளைத்து அசையாமல் உட்கார வேண்டும். மயக்க டாக்டர் மலையாளத்தில் சொல்வார், நான் தமிழில் சொல்வேன். "அக்கா, தாடைய நெஞ்சுல வைங்க. இன்னும் குனிங்க. இப்ப ஊசி, சுருக்குன்னு இருக்கும், துள்ளிராதீங்க." அவள் அப்படியே செய்தாள். நான் குனி என்றால் குனிந்தாள், மூச்சை இழு என்றால் இழுத்தாள். ஒரு பெரிய மனுஷி, எனக்கு மூத்தவள், தன் உடம்பை முழுக்க என் குரலிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். என் குரலுக்கு அப்படி ஒரு எடை இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அப்போது அவள் குனிந்தபடியே கேட்டாள். "புள்ள இருக்காட்டி?"

நான் டாக்டரம்மாவிடம் திரும்பி அதே கேள்வியை மலையாளத்தில் கேட்டேன். அவர் கையுறையை மாட்டிக்கொண்டே, "உண்டு. உண்டென்னு பற. பட்சே வேகம் எடுக்கணம்" என்றார்.

"இருக்கு அக்கா. சீக்கிரம் எடுக்கணுமாம்."

"நெசமாவா? என்னயச் சமாதானப்படுத்தச் சொல்லலியே?"

எங்கள் லைனைச் சேர்ந்த ஒருவர் பதிலுக்கு மேல் இரண்டாவது கேள்வி கேட்டதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "நெசமாத்தான். டாக்டர் சொல்லித்தான் சொல்லுதேன்" என்றேன். அவள் என் கையை விட்டாள். அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

வெளியே தாழ்வாரத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன், எதற்கும் என்ன வேண்டிக்கொள்வது என்று ஒழுங்காக வரவில்லை. சற்று நேரத்தில் அந்த மேஜை நர்ஸ் வந்தார். மேஜைக்குத் திரும்பிப் போகிற வழியில் என்னைப் பார்த்து நின்றார். திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றேன். அவர் என் தலையில் கையை வைத்து, "நீ ஆத்யம் என்றடுத்து வன்னல்லோ. அப்போ எந்தா பறயாத்தது? பறஞ்ஞா மதியாயிருன்னல்லோ மோளே" என்றார். முதலில் என்னிடம் வந்தாயே, அப்போதே ஏன் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் போதுமே என்று. அவர் குரலில் குற்றம் சாட்டுவது இல்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. சொல்லியிருந்தால் போதும் என்பது அவருக்கு அவ்வளவு சாதாரணமாக இருந்தது. இந்த ஊரில் பிறந்து பதினைந்து வருடம் வளர்ந்த எனக்கு அது யாரோ புதிதாகக் கண்டுபிடித்துச் சொன்ன விஷயமாக இருந்தது.

பெண் குழந்தை. வெளியே எடுத்ததும் அழவில்லையாம். கழுத்தில் கொடி இரண்டு சுற்று சுற்றியிருந்ததாம். கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று ஆரம்பித்துவிட்டு டாக்டரம்மா மீதியைச் சொல்லவில்லை. குழந்தைகளுக்கான அறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். நீலம் பாரித்து, வாடிய கத்தரிக்காய் போல இருந்தது. மூக்கில் குழாய். நான் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். பிறகு அதன் வலது கை, அந்தத் துளியூண்டு கை, விரலை விரித்து எதையோ தள்ளிவிடுவது போல அசைந்தது. எனக்கு உடம்பு முழுவதும் புல்லரித்தது. கோவிலில்கூட எனக்கு அப்படி வந்ததில்லை, அதற்குப் பிறகும் வந்ததில்லை.

சாயங்காலம் அக்கா வீட்டுக்காரர் சட்டையெல்லாம் சிமெண்ட் காய்ந்து வந்தார். கண்ணாடி வழியே பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என் அம்மா வந்தாள். விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு என்னைத் தனியாக இழுத்துக்கொண்டுபோய்த் திட்டினாள்.

"உன்னய யாருட்டி உள்ள போவச் சொன்னா? ஏதாச்சும் ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா நம்ம தலையிலதான விடிஞ்சிருக்கும்?"

திட்டிக்கொண்டே இருந்தவள் நடுவில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அழுகையை முடித்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து மறுபடி திட்ட ஆரம்பித்தாள்.

அந்த விடுமுறை முழுக்க லைன்காரர்கள் என்னை மாறி மாறிக் கூட்டிக்கொண்டு போனார்கள். ரேஷன் ஆபீஸுக்கு ஒருவர், பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க ஒருவர், லைன் சொந்தக்காரரிடம் ஒழுகுகிற கூரையைச் சொல்ல ஒருவர். எங்கே போனாலும் அவர்கள் தலையாட்டுவார்கள். நான் பக்கத்தில் நின்று, "இல்லை, அவர் சொல்வது அது இல்லை" என்பேன். ஒவ்வொரு முறையும் மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார், சில சமயம் எரிச்சலோடு, பெரும்பாலும் ஆச்சரியத்தோடு. யாரும் என்னைக் கடித்துத் தின்றுவிடவில்லை.

கடைசி அறையில் இருந்த ஒரு அண்ணனை ஒரு சைக்கிள் திருட்டில் போலீஸார் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நீதான் எடுத்தாயா என்று கேட்டதற்கு, கேட்க வேண்டுமா, தலையாட்டியிருக்கிறார். வஞ்சியூர் கோர்ட்டுக்கு அவருடைய மனைவியோடு நான் போனேன். அங்கே கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண் எழுந்து, இந்த மனிதருக்குக் கேள்வி புரியவே இல்லை என்று வாதாடினார். அதை நான் கதவோரம் நின்று வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். ஒரு தலையாட்டல் தண்டனையாகிவிடாமல் தடுப்பதற்கென்றே ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது! அதற்குப் படிப்பு இருக்கிறது! அன்றுவரை எனக்கு ஆசை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருந்ததில்லை. ஆசைப்படுவதற்கும் ஒரு துணிச்சல் வேண்டியிருக்கிறது.

ஜூன் மாதம் அம்மா என்னை ஜவுளிக்கடைக்குக் கூட்டிப்போனாள். முதலாளி நல்லவர், டீ வாங்கிக் கொடுத்தார். "காலைல கடை தொறக்கும்போது வந்துரணும். உக்காரக் கூடாது. ஞாயித்துக்கெழமையும் உண்டு. என்னம்மா, சரிதானே?" என்றார். அம்மா தலையாட்டினாள். நான், "இல்ல அண்ணாச்சி. நான் பிளஸ் ஒன் சேரப் போறேன். அதுக்கப்புறம் வக்கீலுக்குப் படிக்கப் போறேன்" என்றேன். அம்மா டீயைச் சிந்திவிட்டாள். வீட்டுக்கு வருகிற வழியில் ஆற்றுப்பாலம் வந்ததும், "வக்கீலுக்கு எத்தன வருசம் படிக்கணும்?" என்று மட்டும் கேட்டாள்.

படித்தேன். சுலபமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். இடையில் அப்பா சாரத்திலிருந்து விழுந்து ஒரு வருடம் படுத்திருந்தார். சட்டக் கல்லூரியில் முதல் வருடம் என் வாய் மறுபடி ஒட்டிக்கொண்டது. அப்போதெல்லாம் நான் நினைத்துக்கொண்டது ஆஸ்பத்திரியில் நடந்த அந்த ஓட்டத்தைத்தான். ஒரு தடவை ஓடவைத்தவளால் இன்னொரு தடவை முடியாதா என்று கேட்டுக்கொள்வேன். இப்போது அதே வஞ்சியூரில் நான் கறுப்புக் கோட்டோடு நிற்கிறேன், கொஞ்சம் வாயாடி என்று பெயரும் எடுத்திருக்கிறேன்.

அக்கா குடும்பம் சில வருடங்களில் ஊருக்கே திரும்பிப் போய்விட்டது. போனில் பேசிக்கொள்வோம். அந்தக் குழந்தை வளர்ந்ததை நான் போட்டோக்களில்தான் பார்த்தேன். இந்த வருடம் பிளஸ் டூ முடித்துவிட்டு அவள் என் வீட்டில் ஒரு வாரம் தங்க வந்தாள். தம்பானூரில் பஸ்ஸைவிட்டு இறங்கியவளை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. என்னைவிட உயரம். அவள்தான் தூரத்திலிருந்தே "சித்தி!" என்று கூப்பிட்டாள். பஸ் நிலையத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் வந்ததற்குக் காரணம் இருந்தது. அக்கா முன்னாலேயே போனில் சொல்லியிருந்தாள். "அவளுக்கு நீதான் புத்தி சொல்லணும். நர்ஸுக்குப் படின்னா கேக்க மாட்டேங்கா. நீ சொன்னா கேப்பா." என்ன படிக்க ஆசை என்று கேட்டதற்கு அவள் பளிச்சென்று, "படிப்பெல்லாம் அப்புறம். நான் பஸ் ஓட்டப் போறேன். வயசு வரட்டும், ஹெவி லைசென்ஸ் எடுத்துருவேன். இப்பவே எங்க ஊருல டிராக்டர் ஓட்டுதேன்" என்றாள்.

நான் வக்கீல் புத்தியோடு எல்லாப் பக்கமும் மடக்கிப் பார்த்தேன். அவள் ஒவ்வொன்றுக்கும் "இல்ல சித்தி" என்று ஆரம்பித்துப் பதில் வைத்திருந்தாள். தோசையைப் பிய்த்துக்கொண்டே பேசினாள், காலை ஆட்டிக்கொண்டே பேசினாள், எழுந்து சட்னி எடுத்துவிட்டு வந்து பேசினாள். அவளால் ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியவில்லை. நான் பாதியில் வாதத்தை மறந்துவிட்டு அவள் கையையே பார்க்க ஆரம்பித்தேன். இந்தக் கைதானா அது? இத்தனை பேச்சு, இத்தனை பிடிவாதம், இந்த நெற்றிப் பரு, இந்தப் பசி, எல்லாம் அன்றைக்கு அந்த மெதுவான சத்தத்துக்குள் இருந்ததா?

"என்ன சித்தி அப்படிப் பாக்கீங்க?"

"ஒண்ணுமில்ல."

"அம்மா சொல்லுவா, நீங்க இல்லன்னா நான் இல்லையாம்."

"நீ இல்லன்னா நானும் இல்ல" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? அவள் உள்ளே அசையாமல் கிடந்த அந்த ஒரு காலைப் பொழுதில்தான் நான் முதன்முதலாக அசைந்தேன் என்பதை அவளுக்கு நான் எப்படிச் சொல்வது? அவளைக் காப்பாற்றியதாக ஊரில் எல்லோரும் என்னைச் சொல்கிறார்கள். நடந்தது நேர்மாறு என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

"சரி, உங்கம்மாட்ட நான் பேசுதேன். நான் எடுத்துச் சொன்னா ஒத்துக்குவாங்க" என்று போனை எடுத்து அக்காவை அழைத்தேன். மணி அடித்தது. மறுமுனையில் அக்கா "சொல்லு" என்றாள். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "அக்கா, உங்க மக சொல்லுதது என்னன்னா" என்று ஆரம்பித்தேன்.

எதிரே இருந்தவள் எச்சில் கையை நைட்டியில் துடைத்துவிட்டு என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க இருங்க சித்தி. என் விஷயத்த நானே சொல்லுதேன்."